ஏழு நாள் மாத்திரை டப்பா: எட்டு மாசம் கழிச்சு எழுதுறேன்

முதல்ல சாமான் விவரம். ஆன்லைன்ல 249 ரூபாய். பிளாஸ்டிக். நீளவாட்டுல ஏழு நாள், குறுக்குவாட்டுல காலை, மதியம், ராத்திரின்னு மூணு வேளை, ஆக 21 அறை. நாளுக்கு ஒரு கலர். எந்த நாள் வேணுமோ அந்தப் பட்டையை மட்டும் உருவிச் சட்டைப்பையில போட்டுக்கலாம். கோத்தகிரிக்கு வந்து சேர ஆறு நாள் ஆச்சு. மலைப்பாதையில மரம் விழுந்து ரெண்டு நாள் மேட்டுப்பாளையத்துலயே கிடந்துச்சு, அதுக்குக் கம்பெனிக்காரனைக் குத்தம் சொல்ல முடியாது.

வாங்கின முதல் மாசம் ஒரு ஸ்டார் குடுத்துத் திட்டி எழுதியிருந்தேன். அதை அழிச்சிட்டு இப்ப நாலு ஸ்டார் போடுறேன். டப்பா மாறலை. அதே டப்பாதான், அதே சாயம் போன மூடிதான். மாறினது வேற. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

இதை வாங்கினது என் தம்பிக்கு. வயசு 34. மனச்சிதைவு நோய், ஸ்கிசோஃப்ரீனியான்னு சொல்றது. 13 வருஷம் ஆச்சு. இந்த டப்பாவுக்குக் கீழ சர்க்கரைக்காரங்க, பி.பி.காரங்க எழுதினது ஏகப்பட்டது இருக்கு, எல்லாம் நல்ல விமர்சனம்தான். ஆனா எங்களுக்கு உதவாது. சர்க்கரைக்காரருக்கு மாத்திரை விஷயத்துல பெரும்பாலும் ஒரே பிரச்சினை, மறதி. எங்க வீட்டுல மறதி கடைசிப் பிரச்சினை. அதுக்கு முன்னாடி ரெண்டு இருக்கு. ‘எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு மாத்திரை?’ ஒண்ணு. ‘இதுல என்ன கலந்திருக்கீங்க?’ இன்னொண்ணு.

முதலாவதை நாங்க ரொம்ப நாள் திமிருன்னு நினைச்சோம். அது திமிரு இல்லை. தனக்கு நோய் இருக்குங்கறதே தெரியாம போறது இந்த நோயோட ஒரு பகுதி. கால் உடைஞ்சவனுக்கு உடைஞ்சது வலிச்சுத் தெரியும். இங்க உடைஞ்சதைக் காட்டிக் குடுக்க வேண்டிய இடத்துலயே கோளாறு.

அவனுக்கு ஆரம்பிச்சது 21 வயசுல. பொதுவா பதினாறு பதினேழுல இருந்து முப்பதுக்குள்ளதான் தொடங்குமாம், ஆம்பளைப் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் முந்தியே. கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் செட் பட்டறையில லேத் ஓட்டிக்கிட்டு இருந்தான். பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போகலை. எங்களுது டீத்தோட்டத்து லயத்து வீடு, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவரு. அந்தச் சுவத்துல இருந்த விரிசல்ல எல்லாம் துணியைத் திணிச்சு வெச்சான். கேட்டா, ரெண்டு ஆம்பளைக் குரல் அவனைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்காம். ‘இப்ப எந்திரிக்கிறான் பாரு. இப்ப பல் விளக்கறான். இப்ப அக்காகிட்ட போறான்.’ கிரிக்கெட் வர்ணனை மாதிரி. அந்த ரெண்டு பேரும் வேற ஒண்ணும் பண்ணலை, சொல்லிக்கிட்டே இருந்தாங்க, ராத்திரி பகலா. நான் ஒருநாள் சுவத்துல காதை வெச்சுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மிக்சி சத்தம்தான் கேட்டுச்சு. ‘பாத்தியா, நீ காதை வெச்சதும் நிறுத்திட்டாங்க’ன்னான்.

ஒன்றரை வருஷம் வீணாப் போச்சு. காதல் தோல்வின்னாங்க, அப்புறம் செய்வினைன்னாங்க, கயிறு கட்டினோம், மஞ்சத்தண்ணி ஊத்தினோம். வைத்தியம் பார்க்காம போற காலம் நீள நீள, பின்னாடி மருந்து கேக்கறதும் குறையுதுன்னு டாக்டர் சொன்னப்போ அம்மா ஒண்ணும் பேசலை. கொழுந்து பறிச்சுப் பறிச்சுக் கறுத்துப்போன விரலைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க.

நடுவுல இந்தப் பேரைப் பத்தி ஒரு வார்த்தை. மனச்சிதைவுன்னா எனக்கு இடிஞ்சு கிடக்கிற வீடுதான் கண்ணுக்கு வருது. ஸ்கிசோஃப்ரீனியாங்கறது சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் 1908ல வெச்ச பேரு, பிளந்த மனசுன்னு அர்த்தம். அதை வெச்சுத்தான் சினிமாக்காரன் ஒரே ஆளுக்குள்ள ரெண்டு ஆளுன்னு காட்டிக் காட்டி ஊரையே நம்ப வெச்சிட்டான். அது வேற நோய். என் தம்பிக்குள்ள ஒரே ஆள்தான் இருக்கான், நான் வளர்த்தவன். ஜப்பான்ல இந்தப் பேரே வேண்டாம்னு 2002ல மாத்திட்டாங்க. கொரியாவுலயும் மாத்தியிருக்காங்க, அவங்க வெச்ச பேருக்கு நரம்புக் கருவியைச் சுருதி சேர்க்கிற மாதிரியான அர்த்தமாம். சுருதி விலகிருச்சு, திரும்பக் கூட்டலாம். நம்ம ஊர்லயும் யாராவது யோசிச்சா தேவலை. உலக சுகாதார நிறுவனம் முந்நூறு, முந்நூத்தம்பது பேருக்கு ஒருத்தர்னு கணக்குச் சொல்லுது. கோத்தகிரிச் சந்தையில ஒரு ஞாயித்துக்கிழமை வர்ற கூட்டத்துல எத்தனை பேர்னு பாருங்க.

சரி, மாத்திரைக்கு வர்றேன்.

ஆரம்பத்துல அவன் மாத்திரையைத் தொடவே மாட்டான். நான் என்ன பண்ணேன்னா, பொடிச்சு டீயில கலந்தேன். பெருமையா சொல்லலை, வேற வழி தெரியலை, அவ்வளவுதான். டீத்தோட்டத்துக்காரங்க வீட்டுல ஒரு நாளைக்கு நாலு தடவை டீ உண்டு, யாருக்கும் சந்தேகம் வராதுன்னு கணக்கு. ரெண்டு வாரம் ஓடுச்சு. ஒருநாள் கண்ணாடி டம்ளர் அடியில வெள்ளையா மாவு தங்கியிருந்ததைப் பார்த்துட்டான். கத்தலை. டம்ளரை என் முன்னாடி வெச்சான், வெளிய போயிட்டான்.

அதுக்கப்புறம் நாலு மாசம் எங்க கையால ஒரு வாய் சாப்பிடலை. பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், அவனே உரிக்கிற வாழைப்பழம், ஓட்டோட அவிச்ச முட்டை. அவ்வளவுதான். ‘எனக்கு விஷம் வைக்கிறாங்க’ங்கற அவனோட பயம் நோய்ல இருந்து வந்தது. அதுக்கு ஆதாரம் குடுத்தது நான். பல வருஷம் கழிச்சு ஒரு விஷயம் படிச்சேன்: இந்த நோய்க்குக் குடுக்கிற ரிஸ்பெரிடோன் சொட்டு மருந்தை டீயில கலக்கக் கூடாதுன்னு மருந்துக் கம்பெனிக் குறிப்புலயே போட்டிருக்கு. தண்ணியில கலக்கலாம், காப்பியில கலக்கலாம், டீ ஆகாது. நீலகிரியில பொறந்துட்டு இதைப் படிச்சா சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை.

இப்ப பத்து வருஷமா, நடுவுல ரெண்டு தடவை விழுந்து எந்திரிச்சு, மாத்திரை போடுறான். ரெண்டு தடவையும் விழுந்தது, நல்லாத்தானே இருக்கோம்னு நிறுத்தினதால. ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரியில 24 நாள். நிறுத்தின உடனே ஒண்ணும் ஆகாது, அதுதான் ஏமாத்து வேலை. ரெண்டு மாசம், மூணு மாசம் ஜம்முனு இருப்பான். கை நடுக்கம் போயிடும், தூக்கக் கலக்கம் போயிடும், முகம் தெளிஞ்சிடும். ‘பாத்தியாக்கா’ம்பான். அப்புறம் ஒருநாள் சுவத்துல துணி திணிக்க ஆரம்பிப்பான்.

மூணாவது தடவை விழக்கூடாதுன்னுதான் இந்த டப்பா. நான் டவுன்ல தையல் கடை வெச்சிருக்கேன். காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டு. அவன் போட்டானா இல்லையான்னு போன்ல கேட்டுக் கேட்டு ரெண்டு பேருக்கும் சண்டை. டப்பா இருந்தா திறந்து பார்த்தாலே தெரியுமேன்னு வாங்கினேன்.

ஞாயித்துக்கிழமை உக்காந்து அட்டையில இருந்து ஒவ்வொண்ணா பிதுக்கி அறைக்கு அறை போட்டு வெச்சேன். காலைக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. திங்கள் போட்டான். செவ்வாய் போட்டான். புதன்கிழமை ராத்திரி நான் வர்றப்போ டப்பாவைத் திறந்து வெச்சுக்கிட்டு டியூப் லைட்டுக்குக் கீழ நின்னுக்கிட்டு இருக்கான். உள்ளங்கையில மாத்திரை.

‘இது என்னக்கா?’

‘ராத்திரி மாத்திரைதான்டா.’

‘பேரு எங்க?’

எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. அட்டையில இருந்து பிதுக்கிட்டா அது வெறும் வெள்ளை வட்டம். யார் வேணா எதை வேணா வெச்சிருக்கலாம். டீ டம்ளர் அடியில தங்கின அதே வெள்ளை. ஒரு ஸ்டார் போட்டது அன்னிக்கு ராத்திரிதான்.

இன்னொரு கஷ்டம் இந்த ஊரோடது. எங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகையில மழை வந்தா வீட்டுக்குள்ளயே மேகம் வந்து போகும். உப்பு தண்ணி விடும், தீக்குச்சி பத்தாது, வர்க்கி டப்பாவை மூட மறந்தா ஒரு மணி நேரத்துல நமுத்துப் போகும். வர்க்கி நமுத்துப்போற இடத்துல மாத்திரை மட்டும் என்ன மாயம் பண்ணும்? அப்போ அவனுக்கு வாயில வெச்சா கரையற ரகம் குடுத்திருந்தாங்க. நாலாவது நாள் பார்த்தா அறை ஓரத்துல ஒட்டிக்கிட்டுப் பசை மாதிரி இருந்துச்சு. தப்பு என்மேலதான். அந்த ரகத்தை வாயில போடுற நேரத்துக்குத்தான் பிரிக்கணும், முன்கூட்டியே எடுத்து வைக்கவே கூடாது. இந்தக் கம்பெனிக்காரன் டப்பா மேல ‘ஈரம் புகாது’ன்னு ஒட்டியிருக்கான் பாருங்க, அது சமவெளியில எழுதின வாசகம்.

அடுத்த மாசம் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போறப்போ டப்பாவைக் கையோட கொண்டுபோனேன், புகார் பண்ணத்தான். டாக்டர் அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, என்கிட்ட பேசாம அவன்கிட்ட கேட்டாங்க: ‘இதை யார் நிரப்பறது?’ அவன் என்னைக் கை காட்டினான். ‘ஏன், நீங்க நிரப்பினா என்ன? அட்டையோட வெட்டி வெச்சுக்கோங்க. பேரைப் படிச்சிட்டுப் போடுங்க.’ அவ்வளவுதான் சொன்னாங்க. கரையற ரகத்தையும் சாதா மாத்திரையா மாத்தி எழுதினாங்க. மூணு நிமிஷம் இருக்கும். வெளிய இன்னும் நாப்பது பேர்.

வெட்டணும்னா கத்தரி வேணும். இதைச் சொல்ல எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. தையல்காரி வீட்டுல கத்தரிக்குப் பஞ்சமா? ஆனா அவனுக்கு நோய் வந்த நாள்ல இருந்து கத்தரி எல்லாம் கடையில. வீட்டுல ஒண்ணு கிடையாது. யாரும் சொல்லலை, நானா பண்ணது. இத்தனை வருஷத்துல அவன் யாரையும் ஒரு அடி அடிச்சதில்லை. அடி வாங்கியிருக்கான், பஸ் ஸ்டாண்டுல, தனியாப் பேசறான்னு. இந்த நோய்க்காரங்கள்ல பெரும்பாலானவங்க அப்படித்தான், மத்தவங்க கையால அவங்கதான் அதிகம் படுறாங்க. எனக்கு இது நல்லாத் தெரியும். தெரிஞ்சும் பயந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை நூல் வெட்டுற சின்னக் கத்தரியைக் கொண்டுவந்து டப்பா பக்கத்துல வெச்சேன். கத்தரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ‘இது துணி வெட்டுறதாச்சே, அட்டையை வெட்டினா மழுங்கிடுமே’ன்னான். அதுதான் அவனோட கவலை. லேத்துல வேலை பார்த்தவன்.

அப்போ இருந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவன்தான் நிரப்பறான். தினத்தந்தியை விரிப்பான். அட்டையை வெச்சு, மாத்திரைக்கு மாத்திரை நடுவுல கோடு பிசகாம வெட்டுவான். வெட்டினதோட நாலு மூலையையும் லேசா உருட்டி விடுவான், இல்லைன்னா விரலைக் கிழிக்கும், அறைக்குள்ளயும் அடங்காது. காலாவதித் தேதி அடிச்சிருக்கிற முனையைக் கடைசி வரைக்கும் வெட்ட மாட்டான், மறுமுனையில இருந்துதான் ஆரம்பம். மெடிக்கல்காரர் சில்லறைக்கு வெட்டிக் குடுக்கிறப்போ கவனிச்சிருக்கான் போல. காலைக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில், ராத்திரிக்கு ரிஸ்பெரிடோன். முதலாவது நோய்க்கு இல்லை, ரெண்டாவதால வர்ற விறைப்புக்கும் நடுக்கத்துக்கும். அதைப் போட்டா நாக்கு வறண்டு ஒட்டும். அதனால காலியா இருக்கிற மதிய அறையில ஏலக்காய் போட்டு வெச்சிருக்கான், மெல்றதுக்கு. அந்த யோசனை அவனோடது. இந்த மூணு வரிசை டப்பாவுக்கு நான் நாலு ஸ்டார் குடுக்கறதுல அரை ஸ்டார் அந்த ஏலக்காய்க்கு.

டப்பாவோட குறையையும் சொல்லிடறேன். கிழமை எழுத்து இங்கிலீஷ்ல ஒத்தை எழுத்தா அடிச்சிருக்கான். ஞாயிறுக்கும் சனிக்கும் ஒரே எழுத்து, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து. இதை யோசிச்ச புண்ணியவான் யாரோ. அதுவும் மூணு மாசத்துல அழிஞ்சிருச்சு. இப்ப என் நகப் பாலிஷ்ல ஞா, தி, சென்னு எழுதியிருக்கு. புதன்கிழமை ராத்திரி மூடியோட கொக்கி உடைஞ்சிருச்சு, ரப்பர் பேண்டு போட்டிருக்கோம். (புதன்கிழமைக்கு ஏதோ ராசி.) மூடி திறக்கிறப்போ பட்டுனு சத்தம், ராத்திரி அம்மா முழிச்சுக்கறாங்க. ஒளிபுகாத கலர்ல ஒரு மாடல் இருக்கு, அதை வாங்காதீங்க. உள்ள இருக்கிறது வெளிய தெரியணும், குறிப்பா சந்தேகம் இருக்கிறவங்களுக்கு.

அட்டையோட வெட்டி வைக்கிறது எல்லாருக்கும் சரிப்படாது. வயசானவங்க, கண் மங்கினவங்க, அப்படியே அட்டைத் துண்டோட விழுங்கிட்டு உணவுக்குழாய் கிழிஞ்சு ஆஸ்பத்திரிக்கு வந்ததெல்லாம் உண்டு. எங்க அம்மா பி.பி. மாத்திரையை நான் அப்படி வைக்கவே மாட்டேன்.

மாசம் ஒரு ஊசி போட்டுக்கறவங்களுக்கு இந்த டப்பாவே தேவைப்படாம போகலாம், அதையும் டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க. என் தம்பி ஊசி வேண்டாம்னுட்டான், அவன் உடம்பு, அவன் இஷ்டம். இதே நோய்க்குக் குளோசாபின்னு ஒரு மாத்திரை போடுறவங்க டப்பாவை நம்பி ரத்தப் பரிசோதனையை விட்டுடாதீங்க, வெள்ளையணு குறையுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். மாத்திரையே வேண்டாம்னு நிக்கிறவருக்கு 249 ரூபாய் டப்பா ஒண்ணும் செய்யாது.

ஒருநாள் ராத்திரி வேளை தவறிப்போய், காலைல சேர்த்து ரெண்டாப் போடலாமான்னு அவனுக்கே குழப்பம். 14416க்கு நான்தான் அடிச்சேன். 2022ல வந்த இலவச மனநல நம்பர், தமிழ்லயே பேசறாங்க. ரெண்டாச் சேர்த்துப் போட வேண்டாம்னாங்க. அப்புறம் அவன்கிட்ட குடுக்கச் சொன்னாங்க. இருபது நிமிஷம் பேசினான், என்ன பேசினான்னு நான் கேக்கலை.

குரல் நின்னிருச்சான்னு கேப்பீங்க. முழுசா நிக்கலை. தூரத்துல ரேடியோ பாடற மாதிரி இருக்காம், கவனிக்காம இருக்க முடியுதாம். எங்களுக்கு இப்ப அதைவிடப் பெரிய கஷ்டம் வேற: எதுலயும் பிடிப்பு இல்லாம உக்காந்திருக்கிறது, குளிக்கச் சொல்லணும், முகத்துல சிரிப்போ கோபமோ வராது. சோம்பேறின்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க. இதுவும் நோய்தான், குரலைவிடப் பிடிவாதமானது, மாத்திரைக்கும் இது அவ்வளவாக் கேக்கறதில்லை. மூணு மாசமா வாரத்துல மூணு நாள் பக்கத்து வீட்டு அண்ணனோட ஒரு டீ நர்சரிக்குப் போறான், நாத்துக்கு மண்ணுப் பை நிரப்பற வேலை. அந்த மூணு நாளும் அன்னன்னைக்குப் பட்டையை மட்டும் உருவிச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டுப் போறான். அங்க யாராவது என்னதுன்னு கேட்டா ஏலக்காயை எடுத்து நீட்டுவானாம்.

போன வாரம் அம்மா பி.பி. மாத்திரையை ரெண்டு தடவை போட்டுட்டாங்க. ‘அம்மாவுக்கும் ஒண்ணு வாங்குக்கா’ன்னான் தம்பி. அட்டை இல்லாமத்தான் வைக்கணும், அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சான். ‘பரவால்ல, நான் பாத்து வெச்சுத் தர்றேன். அம்மா என்னைச் சந்தேகப்பட மாட்டாங்க.’

ஆர்டர் போட்டிருக்கேன், இதே கம்பெனி, ஒத்தை வரிசை மாடல். வெள்ளிக்கிழமை வரும்னு போட்டிருக்கான். வெளிய மழை பிடிச்சிருக்கு, மேட்டுப்பாளையத்துல கிடக்காம இருந்தா சரி.